ஃபைலா, க்யூஆர் கோடா, கேனில் தொங்கும் தமிழ் அட்டையா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோரும் பாதுகாப்பும் என் பொறுப்பு. எங்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட கெமிக்கல்கள் புழங்குகின்றன. எது என்ன செய்யும் என்பதை அதைத் தொடுகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்து யோசித்தபோது எதிரே மூன்று வழி இருந்தது. சப்ளையர் தரும் எஸ்டிஎஸ் தாள்களை, அதாவது பாதுகாப்புத் தரவுத்தாள்களை, அச்செடுத்து ஃபைலில் வைக்கலாம். மென்பொருள் வாங்கிக் கேனுக்குக் கேன் க்யூஆர் கோடு ஒட்டலாம். இல்லை, நாமே தமிழில் அட்டை எழுதிக் கேனில் தொங்கவிடலாம். நாங்கள் எடுத்தது மூன்றாவது. இன்றைக்கும் நான் அதன் பக்கம்தான், அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவைச் சேர்த்தபோதே ஆபத்தைத் தொழிலாளியிடம் சொல்வது நிர்வாகத்தின் கடமை என்றாகிவிட்டது. 1989-இல் வந்த அபாயகர ரசாயன விதிகள் தரவுத்தாளும் வேண்டும், கலனில் லேபிளும் வேண்டும் என்கின்றன. அதனால் ஃபைல் எப்படியும் இருந்தாக வேண்டும், துணி வாங்கும் கம்பெனிகளில் (பையர்) இருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒவ்வொரு தாளிலும் 16 பகுதி, எல்லாம் ஆங்கிலம், அதுவும் லேப் அலமாரிக்குள். நைட் ஷிப்டில் அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

க்யூஆர் கோடு நல்ல ஏற்பாடுதான். சப்ளையர் தாளைப் புதுப்பித்தால் இங்கேயும் உடனே மாறிவிடும், நூற்றுக்கணக்கில் கெமிக்கல் வைத்திருக்கும் லேப் என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் பக்கத்தில், ஈரக் கையுறையோடு, ஆவி அடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு போனை எடுத்து ஸ்கேன் செய்ய யாருக்கு முடியும்? அப்படியே செய்தாலும் திறப்பது அதே ஆங்கிலத் தாள்.

சரி, எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே ஒரு விஷயம்: பேரலில் இருந்து சின்னக் கேனுக்கு ஊற்றிய பிறகு என்ன ஆகிறது?

ஒரு நைட் ஷிப்டில், கலர் கிச்சன் (சாயம் கலக்கும் இடம்) ஓரமாகப் பெயர் எழுதாமல் கிடந்த வெள்ளைக் கேனைத் தண்ணீர் என்று நினைத்து, சாயம் பட்ட கையைக் கழுவ ஒரு தம்பி ஊற்றிக்கொண்டார். அது துணியை வெளுக்கப் பயன்படும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கொஞ்ச நேரத்தில் விரல்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல். குழாயில் நிறைய நேரம் கையைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், கை தேறிவிட்டது. அன்றைக்குப் பேரலில் சரியான லேபிள் இருந்தது, ஃபைலிலும் சரியான தாள் இருந்தது, ஊற்றிய கேனில் மட்டும் ஒன்றும் இல்லை. தோலையும் கண்ணையும் அரித்துவிடும் காஸ்டிக் சோடா கரைசலும் பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். அந்தக் கேனில் அது இருந்து, அவர் முகம் கழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

ஆகவே சின்னக் கேனில் லேபிள் நிற்க வேண்டும், கிழிந்தால் அன்றைக்கே மாற வேண்டும். இதில்தான் எங்களுக்கு நாள் பிடித்தது. மார்க்கரில் எழுதினோம், வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காகிதம் ஒட்டி மேலே செலோடேப் போட்டோம், ஆவியில் உரிந்தது. ஸ்டிக்கர் கட்டிங் கடையில் வினைல் அடித்தோம், பரவாயில்லை, ஆனால் ஊற்றும்போது வழிகிற இடத்தில் ஓரம் தூக்கியது. கடைசியில் நின்றது கெட்டி பிளாஸ்டிக் அட்டை: கேன் கைப்பிடியில் கேபிள் டையால் கட்டிவிடுவோம். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உபரி அட்டைகள் ஸ்டோர் டிராயரில் கிடக்கும், யாரையும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம். பெராக்சைடு கேன் கடைசி வரைக்கும் பெராக்சைடு கேன்தான், அதில் வேறெதுவும் ஊற்றக்கூடாது. திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் ஒரு சுற்று வந்து அட்டை இல்லாத கேனை ஓரம் கட்டிவிடுவார். மென்பொருளுக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், இதற்கு அந்தத் திங்கட்கிழமைச் சுற்று மட்டும் தவறக்கூடாது.

அட்டையில் என்ன எழுதுவது? எஸ்டிஎஸ்ஸில் இருந்து ஆபத்து, முதலுதவி, சிந்தினால் செய்வது, கையுறை கண்ணாடி, எதோடு சேரக்கூடாது, இவ்வளவு போதும். முதலில் ‘சுவாசப் பாதையில் எரிச்சல் ஏற்படுத்தும்’ என்று எழுதி, கலர் கிச்சனில் இருக்கும் ஒரு அண்ணனிடம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு “மூச்சு அடைக்கும்னு எழுதுங்க சார்” என்றார். அப்படியே மாற்றினோம். ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட் பவுடர்) அட்டையில் இருப்பது இதுதான்: ‘ஈரம் படக்கூடாது. பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு வரும்.’

படங்களை மட்டும் நம்பிவிட வேண்டாம். கெமிக்கல் ஆபத்தை வகைப்படுத்தி லேபிள் போடும் ஐநாவின் ஜிஎச்எஸ் முறையில் இருக்கும் ஒன்பது படங்களில் மண்டை ஓடு எல்லோருக்கும் புரிகிறது. ‘தோலை அரித்துப் புண்ணாக்கும்’ என்று சொல்ல, கையில் திரவம் சொட்டுவது போல இருக்கும் படத்தைக் காட்டினால் இரண்டு பேர் ‘கை கழுவணும்’ என்றார்கள். வட்டத்தின் மேல் தீ எரியும் படத்தை எல்லோரும் ‘தீப்பிடிக்கும்’ என்கிறார்கள், அது சொல்வதோ ‘மற்றதை எரியவைக்கும்’ என்பது. இதை ஆளாளுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. அப்புறம், நான்கு நிறக் கட்டம் போட்ட அமெரிக்க வைர வடிவ லேபிளையும் கொஞ்ச நாள் பார்த்தோம். அதில் 4 என்றால் மிக மோசம், ஜிஎச்எஸ் வகைப்பாட்டில் 1 தான் மிக மோசம். எங்கள் லேப் பையன் எஸ்டிஎஸ்ஸில் இருந்த 1-ஐ அப்படியே வைரத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்த அன்றே அதை விட்டுவிட்டோம்.

ஒரு இடத்தில் எனக்கு இன்னும் உறுதி இல்லை. எங்களிடம் ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் நிறைய. அட்டையின் பின்பக்கம் இந்தி போட்டிருக்கிறோம், ஆனால் அது அவர்கள் பேச்சு மாதிரி இருக்கிறதா என்று தமிழைச் சோதித்தது போல நான் சோதிக்கவில்லை. ஒடியா இன்னும் அடிக்கவே இல்லை.

ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்றைக்கு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன கெமிக்கல், எத்தனை சதவீதம்?” தாள் பூட்டிய அலமாரியில் இருந்தது, நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காஸ்டிக், பெராக்சைடு, ஹைட்ரோஸ், ஆசிட் வகைகள் எல்லாவற்றுக்கும் எஸ்டிஎஸ் நகல் செக்யூரிட்டி கேட்டில் ஒரு கவருக்குள் இருக்கிறது, வண்டி ஏறும்போது ஆளோடு அதுவும் போகும்.