டிவியில் கேம் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா? திருத்தக் கொடுக்க முன் வாசியுங்கள்

கொன்சோலை டிவியில் இணைத்ததும் ஸ்கோர் பாதி வெளியே போய்விடுகிறது, கீழே வரும் எழுத்து அரைவாசிதான் தெரிகிறது, மினி மெப்பின் மூலையைக் காணவில்லை. இது டிவியின் பழுது அல்ல. ரிமோட்டைக் கையில் எடுத்தால் இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிட வேலைக்குக் கொழும்பில் மெயின் போர்ட் (டிவிக்குள் இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகை) மாற்றும் காசை வாங்கியிருக்கிறார்கள்.

நடந்தது வெள்ளவத்தையில் ஒரு வீட்டில். 43 அங்குல டிவி, பாவித்த பிளேஸ்டேஷன் 4. படத்தின் நாலு பக்கமும் வெட்டுப்படுகிறதென்று திருத்தும் கடைக்குக் கொண்டுபோனார்கள். “போர்ட் அடிச்சிட்டுது அம்மா, மாத்தாமச் சரிவராது” என்றார் கடைக்காரர். ஒரு கிழமை கழித்து டிவி திரும்பி வந்தது. பில் 22,000 ரூபா. அதில் “மெயின் போர்ட் மாற்றம்” என்று எழுதியிருந்தது. படமும் முழுதாகத் தெரிந்தது. பிறகு பிள்ளைகள் கொன்சோலை டிவியின் எச்டிஎம்ஐ 1 சொக்கெட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2க்கு மாற்றிக் குத்தினார்கள். பழையபடி வெட்டு. கடைக்கு அழைத்துக் கேட்டபோது, இரண்டாவது சொக்கெட்டும் பழுது, அதற்குத் தனிக் காசு என்று பதில் வந்தது.

பொய் இங்கேதான் பிடிபட்டது. படத்தின் அளவைத் தீர்மானிக்கும் அமைப்பைப் பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ சொக்கெட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. கடையில் எச்டிஎம்ஐ 1இல் மட்டும் அந்த அமைப்பை மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சாட்சி டிவிக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அது பழைய வைஃபையில் தானாக இணைந்தது. யூடியூப் கணக்கும் அப்படியே திறந்திருந்தது. ஸ்மார்ட் டிவியில் வைஃபை கடவுச்சொல்லும் செயலிகளும் கணக்குகளும் இருப்பது மெயின் போர்ட்டில் உள்ள நினைவகத்தில். போர்ட்டை உண்மையில் மாற்றியிருந்தால், புதிதாக வாங்கிய டிவியைப் போல மொழி, நாடு, வைஃபை என்று ஆரம்பத்திலிருந்து கேட்டிருக்கும். பழைய போர்ட்டின் நினைவகச் சிப்பைக் கழற்றிப் புதியதில் ஒட்டினால் மட்டும் அப்படிக் கேட்காது. அந்தச் சிரமத்தைப் பட்டவர் பில்லில் அதையும் எழுதியிருப்பார்.

வெட்டுப்படுவதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் நேராக நிற்காது. வளையும், மின்னழுத்தம் மாறினால் சுருங்கி விரியும். அந்தக் குறையை மறைக்கப் படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாக வரைந்து, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். இதுதான் ஓவர்ஸ்கேன். எல்ஈடி திரைக்கு இது தேவையே இல்லை. ஆனாலும் ஒளிபரப்புப் படங்களுக்காக அந்தப் பழக்கத்தைப் பல உற்பத்தியாளர்கள் விடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 2.5 சதவீதம் மறைகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 1920க்கு 1080 படத்தில் இடமும் வலமும் 48 பிக்சல் வீதம், மேலும் கீழும் 27 பிக்சல் வீதம் போய்விடும். மிஞ்சும் 1824க்கு 1026 பிக்சலை டிவி இழுத்துத் திரையை நிரப்பும். ஓரம் போவதோடு எழுத்தும் மங்கும். சினிமாவில் இது கண்ணில் படாது. கேமில் உயிர், தோட்டா, நேரம் எல்லாம் மூலையில்தான் இருக்கும், அதனால் உடனே தெரியும்.

பழுதா அமைப்பா என்று பார்க்க ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துங்கள். டிவியின் சொந்த மெனு ஓரம் வரை ஒழுங்காகத் தெரிந்தால் திரை நல்லது, பெனல் நல்லது. பென்டிரைவில் ஒரு போட்டோவைப் போட்டும் பார்க்கலாம். கேபிள் பழுதென்றால் படம் வராது, விட்டுவிட்டு வரும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். எச்டிஎம்ஐ டிஜிட்டல் இணைப்பு. அதன் கேபிள் நாலு ஓரத்தையும் சமமாக வெட்டவே முடியாது. “8கே கோல்ட் கேபிள் போட்டாச் சரியாகும்” என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். டிவியின் மெனுவே வெட்டுப்பட்டால், திரையில் செங்குத்துக் கோடு விழுந்தால், பாதித் திரை இருண்டால், அப்போது கடைக்குப் போகலாம்.

இனித் திருத்தும் முறை. முதலில் டிவி, பிறகு கொன்சோல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சாம்சங்கில் பிக்சர் சைஸ் செட்டிங்ஸுக்குள் 16:9 ஸ்டாண்டர்டைத் தெரிவு செய்து ஃபிட் டு ஸ்க்ரீனை இயக்குங்கள். பழைய மொடல்களில் இதன் பெயர் ஸ்க்ரீன் ஃபிட். எல்ஜியில் அஸ்பெக்ட் ரேஷியோவுக்குள் ஜஸ்ட் ஸ்கேன். சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவை ஃபுல் பிக்சலுக்கு மாற்ற வேண்டும். ஷார்ப்பில் டொட் பை டொட், பிலிப்ஸில் அன்ஸ்கேல்ட். பெயர் தெரியாத மலிவு டிவிகளில் ஓவர்ஸ்கேன் என்றே இருக்கும், அதை ஓஃப் செய்யுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அந்த இன்புட்டின் பெயரை பீசி என்று மாற்றுங்கள், அல்லது கேம் மோடை இயக்குங்கள். சில டிவிகள் அப்போது வெட்டுவதைத் தாமாகவே நிறுத்தும். கொன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த இன்புட்டில் நின்றுகொண்டே இவற்றைச் செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் இந்த மெனுக்கள் மங்கலாகி, தெரிவு செய்ய முடியாமல் கிடக்கும். அதைக் காட்டியே “மெனுவும் வேலை செய்யுதில்ல பாருங்க” என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

டிவியில் வழியே இல்லையென்றால்தான் கொன்சோலில் படத்தைச் சுருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் செட்டிங்ஸ், சவுண்ட் அன்ட் ஸ்க்ரீன், டிஸ்ப்ளே ஏரியா செட்டிங்ஸ். பிளேஸ்டேஷன் 5இல் ஸ்க்ரீன் அன்ட் வீடியோவுக்குள் அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ஏரியா. நின்டெண்டோ சுவிட்சில் டிவி அமைப்புகளுக்குள் அட்ஜஸ்ட் ஸ்க்ரீன் சைஸ். டிவி வெட்டிக்கொண்டே இருக்க, கொன்சோலையும் சுருக்கினால் படம் இரண்டு தடவை அளவு மாறும்: கொன்சோல் குறுக்கும், டிவி இழுக்கும். ஓரம் சரியாகும், கூர்மை போய்விடும். ஆகவே டிவியில் வழி கிடைத்தால் கொன்சோலில் அளவை முழுதாகவே விடுங்கள். கம்பியூட்டர் என்றால் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்ற அளவுகோல் உண்டு, அதைப் பூச்சியத்தில் வையுங்கள். படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வலை விரிக்கப்படுகிறது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி கேபிளை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை “படம் ஃபுல் ஸ்க்ரீன் ஆகும், எச்டி ஆகும்” என்று விற்கிறார்கள். அதிலுள்ள 720, 1080 சுவிட்ச் வெளியே போகும் அளவை மட்டும் மாற்றும்; உள்ளே வரும் படத்தில் இல்லாத விவரத்தை அதால் உண்டாக்க முடியாது. மலிவுப் பெட்டிகள் பழைய டிவி வடிவமான 4:3 படத்தை அகலமான 16:9க்கு இழுத்துவிடுவதால் ஆட்கள் எல்லாரும் கட்டையாகித் தெரிவார்கள். உங்கள் டிவியில் ஏவி இன்புட் இருந்தால் நேராக அதில் குத்தி, படத்தை 4:3க்கு மாற்றுங்கள். புதிய டிவிகள் சிலவற்றில் அது 3.5 மில்லிமீற்றர் துளையாக இருக்கும். தேவையானது அதற்குரிய சின்ன வயர் மட்டும். பழைய கேம்களில் ஓரத்தில் தெரியும் கறுப்பு, குழாய் டிவியில் மறைந்துவிடும் என்று நம்பி விடப்பட்டது. பால் (PAL) எனப்படும் 576 வரி டிவி முறைக்கு அவசரமாக மாற்றப்பட்ட கேம்களில் மேலும் கீழும் பட்டை இருப்பதும் அப்படித்தான்: 480 வரிப் படத்தை 576 வரிக்குள் வைத்த மிச்சம் அது. இந்த ஒரு இடத்தில் ஓவர்ஸ்கேனை ஓன் செய்து வைப்பதுதான் நல்லது.

வேறு உண்மையான பழுதுக்காக டிவியைக் கொடுக்க நேர்ந்தாலும் வெறுங்கையோடு கொடுக்க வேண்டாம். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் இலக்கத்தையும், மெனுவில் நெட்வேர்க் பகுதியில் உள்ள லான் மெக் (MAC) முகவரியையும், அதாவது வலையமைப்பில் அந்த டிவியை அடையாளம் காட்டும் இலக்கத்தையும், படம் எடுத்து வையுங்கள். மெயின் போர்ட் மாறினால் பெரும்பாலும் அந்த முகவரியும் மாறும். கழற்றிய போர்ட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். “அது கம்பனிக்குப் போகுது” என்று இழுத்தால் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது எல்லா எச்டிஎம்ஐ சொக்கெட்டிலும் கொன்சோலைக் குத்திப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

காசைக் கொடுத்துவிட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். அழைப்பு இலக்கம் 1977. தொலைபேசியில் சொன்னதோடு விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தின்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்லின் பிரதி, மெக் முகவரியின் முன்பின் படங்கள், கடையோடு பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இணையுங்கள். வெள்ளவத்தைக் குடும்பத்திடம் பில் இருக்கிறது, டிவி பழைய வைஃபையில் தானாக இணைந்ததைக் காட்டும் காணொளியும் இருக்கிறது. அந்த இரண்டோடு முறைப்பாட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.