சாகசப் புதிர் விளையாட்டுகள்: எங்கே சிக்கிக்கொள்வது நல்லது?

சாகசமும் புதிரும் கலந்த வீடியோ கேம்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கதையையோ காட்சியழகையோதான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். வேலைகள் முடிந்த பிறகு கிடைக்கும் சிறிது நேரத்தில் அவ்வப்போது மட்டும் விளையாடுகிற என்னைப் போன்றவர்களுக்கு, அவற்றைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. ஒரு புதிரில் சிக்கிக்கொண்டால், அங்கே எனக்குக் குறைவது என்ன? சில வாரங்கள் விட்டுவிட்டுத் திரும்பினால், விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ள முடிகிறதா? இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துக்கொண்டால், பெரிதும் புகழப்படும் சில விளையாட்டுகள் கீழே இறங்குகின்றன. சில எதிர்பாராமல் மேலே ஏறுகின்றன.

முதலில் பழைய வகை. மவுஸால் சொடுக்கிப் பொருள்களை எடுத்துச் சேர்த்து, ஒன்றோடொன்றை இணைத்துத் தடைகளைக் கடக்கிற சாகச விளையாட்டுகள் 1990களில் கொடிகட்டிப் பறந்தன. இவற்றில் சிக்கிக்கொள்ளும்போது பல நேரங்களில் நமக்குக் குறைவது சிந்தனை அன்று, உருவாக்கியவரின் மனத்தில் ஓடிய ஓர் எண்ணம். 1999இல் வந்த மூன்றாம் ‘கேப்ரியல் நைட்’ விளையாட்டில் வேறொருவரைப் போல வேடமிடுவதற்குப் பூனையின் மயிரை ஒட்டுநாடாவில் பிடித்து, இனிப்புப் பாகால் ஒட்டி மீசை செய்ய வேண்டும். யாருடைய வேடத்தைப் போடுகிறோமோ அவருக்கு மீசையே கிடையாது என்பதால், அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரைய வேண்டும். எவ்வளவு கூர்ந்து யோசித்தாலும் இந்த விடைக்கு வந்துசேர வழியில்லை. கையிலுள்ள ஒவ்வொன்றையும் கண்ணில் படும் ஒவ்வொன்றின் மீதும் பயன்படுத்திப் பார்ப்பதுதான் மிச்சம். அதைவிடக் கொடியது முட்டுச்சந்து. 1990இல் வெளியான ஐந்தாம் ‘கிங்ஸ் குவெஸ்ட்’டில், எலியைத் துரத்தும் பூனையின் மீது உரிய நேரத்தில் எதையாவது எறியத் தவறினால், வெகுதூரம் போன பிறகு ஓரிடத்தில் மீள வழியே இல்லாமல் போய்விடும். எங்கே தவறினோம் என்பதையும் அந்த விளையாட்டு சொல்லாது. கிடைத்த ஒரு மணி நேரத்தை நம்பி ஒப்படைக்கிறவருக்கு இது இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

அதே 1990இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ இதற்கு நேர் எதிரானது. அதை வடிவமைத்த ரான் கில்பர்ட், விளையாட்டாளரைச் செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வைக்கக் கூடாது, முன்பு எடுக்கத் தவறிய பொருளுக்காகப் பின்னால் வழியை அடைக்கக் கூடாது என்று முந்தைய ஆண்டே ஒரு கட்டுரையில் வாதிட்டிருந்தார். அந்த விளையாட்டின் வாள்சண்டையில் வெற்றியைத் தீர்மானிப்பது கைவேகம் அன்று. எதிராளியின் வசைக்குப் பொருத்தமான பதில் வசையைச் சொல்கிறவரே வெல்கிறார். தோற்றாலும் புதிய வசை ஒன்றைக் கற்றுக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போகிறோம் என்பதால், தோல்வியும் முன்னேற்றமாகவே அமைகிறது. 2022இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ இன்னும் ஒரு படி மேலே போய், புதிர்களைக் குறைத்த எளிய நிலையொன்றையும், விடையை உடனே போட்டு உடைக்காமல் படிப்படியாகத் துப்புக் கொடுக்கும் குறிப்புப் புத்தகத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறது. பொருள் சேர்க்கும் வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், தயங்காமல் இந்தத் தொடரைத்தான் சொல்வேன்.

அதற்குப் போட்டியாக எப்போதும் சொல்லப்படுவது, மில்லர் சகோதரர்கள் 1993இல் வெளியிட்ட ‘மிஸ்ட்’. ஆளரவமற்ற தீவு, விளக்கம் எதுவும் இல்லாத இயந்திரங்கள், நூலகத்தில் எரிந்தும் எரியாமலும் கிடக்கும் நூல்கள் என்று அது உருவாக்கும் தனிமை இன்றும் மங்கவில்லை. ஆனால் என் இரண்டாவது கேள்வியில் அது தோற்றுவிடுகிறது. குறிப்பெழுத வெற்று நோட்டு ஒன்றைப் பெட்டியோடு சேர்த்தே விற்றார்கள் என்பதிலிருந்தே, அதை விளையாடுகிறவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கப்பட்டது என்பது விளங்கும். எண்களையும் வரைபடங்களையும் ஒலிகளையும் நீங்களே எழுதி வைக்காமல் ஒரு மாதம் விலகியிருந்தால், திரும்பி வரும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

பொருள்களை விட்டு விதிகளுக்கு வருவோம். இங்கே நேருக்கு நேர் நிற்பவை 2007இன் ‘போர்ட்டல்’, 2016இன் ‘தி விட்னஸ்’. ‘போர்ட்டல்’ உங்கள் கையில் ஒரே ஒரு கருவியைத் தருகிறது. அதைக் கொண்டு இரண்டு பரப்புகளில் துளைகளைத் திறந்தால், ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவரலாம். நுழைந்த வேகம் அப்படியே வெளிவரும் வேகமாகிறது. உயரத்திலிருந்து தரையிலுள்ள துளைக்குள் விழுந்து, சுவரிலுள்ள துளை வழியே பள்ளத்தைத் தாண்டிப் பறக்கும்போது, விதியை உடம்பாலேயே புரிந்துகொண்ட உணர்வு வருகிறது. அடுத்தடுத்து வரும் சோதனை அறைகள் பெரும்பாலும் ஒவ்வொரு புதிய எண்ணத்தைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. ஓர் அறையில் நின்றுவிட்டால், விடைக்குத் தேவையான அனைத்தும் அந்த அறைக்குள்ளேயே இருக்கின்றன என்பது உறுதி. எத்தனை வாரம் கழித்து வந்தாலும் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாலே போதும், நினைவில் வைத்திருக்க வேண்டியது எதுவும் இல்லை. குறை என்று சொன்னால், ஓர் அறையில் சிக்கிக்கொண்டவர் வேறெங்கும் போக முடியாது. பிற்பகுதியில் கைவேகமும் கொஞ்சம் தேவைப்படுகிறது.

‘தி விட்னஸ்’ அந்தக் குறையை அடியோடு நீக்குகிறது. ஜொனாதன் புளோ வடிவமைத்த அந்தத் தீவில் 500க்கும் மேற்பட்ட புதிர்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு தட்டியில் தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவு வரை கோடு வரைவதுதான். தட்டிகளில் வரும் குறியீடுகளின் பொருளை எந்த எழுத்தும் பேச்சும் விளக்குவதில்லை. எளிய தட்டிகளின் வரிசை ஒன்றைக் கடக்கும்போது, முதலில் ஒன்றைச் சரியென்று ஊகித்து, நான்காவது தட்டியில் அந்த ஊகம் உடைந்து, ஐந்தாவதில் சரியான விதி தெளிவாகிறது. இவ்வளவு நேர்த்தியாகக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டை நான் வேறு கண்டதில்லை. ஓரிடம் பிடிபடவில்லையென்றால் வேறு பகுதிக்கு நடந்து போகலாம். ஒவ்வொரு பகுதியையும் முடிக்கும்போது எரியும் 11 ஒளிக்கற்றைகளில் 7ஐ ஏற்றினாலே, இறுதிக் கட்டமான மலையின் கதவு திறக்கிறது. இருந்தும் அவ்வப்போது விளையாடுகிறவருக்கு ‘போர்ட்டல்’ மேல் என்றே சொல்வேன். குறியீடுகளின் பொருள் நம் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்புகிறவர் மறந்ததை நினைவூட்ட அங்கே எதுவும் இல்லாததால், பாடம் நடந்த முதல் தட்டிக்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. நிறங்களைப் பிரித்தறிவதையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டறிவதையும் நம்பியுள்ள பகுதிகள், அந்தப் புலன்களில் குறையுள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. படைப்பு என்ற அளவில் அது பெரியது, உடன் வாழ்வதற்குக் கடினமானது.

என் மனம் கவர்ந்தவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் திறவுகோல் பொருளும் அன்று, விதியும் அன்று; அந்த உலகத்தில் நடந்ததைப் பற்றிய அறிவு. லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’, 1807இல் ஆளின்றித் திரும்பிவரும் ஒரு கப்பலில் நம்மை ஏற்றி, அதிலிருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறியச் சொல்கிறது. அவர்களில் பலர் இறந்த கணத்தை உறைந்த காட்சியாக நடந்து பார்க்கலாம். பேச்சின் சாயல், உடை, தூங்கும் தொங்கு படுக்கையின் எண், யார் யாருக்கு அருகில் நிற்கிறார்கள் என்பவையே சான்றுகள். மும்மூன்று பேரின் முடிவுகள் சரியானால்தான் விடையை உறுதிசெய்கிறது என்பதால், குருட்டாம்போக்கில் ஊகித்து முன்னேறுவது எளிதன்று. ஒருவரை அடையாளம் காண்பதற்குப் போதிய தகவல் கிடைக்கும் வரை அவருடைய படம் மங்கலாகவே இருக்கும். தெளிவாகிவிட்டால் விடை ஏற்கெனவே நம் முன்னால் இருக்கிறது என்று பொருள். சிக்கிக்கொண்டவருக்கு இதைவிட நேர்மையான உதவி வேறில்லை. கண்டதெல்லாம் கையிலுள்ள புத்தகத்தில் தானாகவே பதிவாவதால் இடைவெளியும் பெரிதாக உறுத்துவதில்லை.

2019இன் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ இதன் நேர்ப் போட்டி. 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் சிறிய சூரியக் குடும்பத்தில், நாம் சுற்றுக்குச் சுற்று எடுத்துச் செல்வது தெரிந்துகொண்டதை மட்டுமே. புதிய ஆயுதமோ கூடுதல் வலிமையோ கிடைப்பதில்லை. தெரிந்தவருக்கு வழி தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கிறது. இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் பாய்ந்துகொண்டே இருப்பதால், முதலாவதில் புதைந்திருந்த கட்டடங்கள் மெல்ல வெளிப்பட, இரண்டாவதில் குகைகள் மூடிக்கொள்கின்றன. எங்கே போவது என்பதோடு எப்போது போவது என்பதும் புதிராகிறது. கண்டறிந்தவற்றையும் அவற்றுக்கிடையிலான தொடர்பையும் விண்கலத்தின் பதிவேடு வரைந்து காட்டுவது, இடையில் விட்டவர்களுக்குப் பெரிய துணை. வியப்பில் இது ‘ஓப்ரா டின்’னை மிஞ்சுகிறது. அறிவால் கண்டுபிடித்த இடத்திற்குக் கையால் போய்ச் சேர முடியாத எரிச்சல்தான் இதன் பலவீனம். கலத்தை உந்திவிட்டால் எதிர்த்திசையில் உந்தும் வரை அது நிற்காது. விடை தெரிந்தும் பாறையில் மோதிச் சுற்றை இழக்க நேர்வது புதிரின் பங்கன்று.

கைப்பேசியில் மட்டும் விளையாடுகிறவர்களுக்கு ‘தி ரூம்’, ‘மான்யுமென்ட் வேலி’ இரண்டும் போதுமானவை. முன்னதில் பெட்டிகளின் ரகசியங்களைத் திறப்பது விரல்களுக்கே இன்பம். பின்னது அழகானது, ஆனால் புதிராக மிக இலேசானது.

ஆக, கை பழகாதவர்கள் ‘ஓப்ரா டின்’னை முதலில் எடுக்கட்டும், அதில் நடப்பதற்கும் பார்ப்பதற்கும் மேல் கைகளுக்கு வேலையில்லை. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ எடுப்பவர்கள் முதல் சில சுற்றுகளைச் சொந்தக் கிரகத்திலும் அதன் நிலவிலும் இறங்கி ஏறிப் பழகுவதற்கே ஒதுக்கினால், பின்னால் வரும் மோதல்களில் பாதி குறையும். இரண்டிலும் விடை தெரிந்த பிறகு மறுபடி விளையாட எதுவும் மிஞ்சாது என்பதால், ‘மங்கி ஐலண்டி’ல் கூசாமல் துப்புக் கேட்கிற நான், இவற்றில் கேட்பதில்லை.