கம்பி மீது கோபம் தீரவில்லை: 280 ரூபாய் போன்சாயோடு நான்கு வருடம்

புனலூரில் இருக்கும் என் அண்ணன் மகன் போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். நர்சரியில் கறுப்புக் கவரில் நிற்கும் ஃபைகஸ் கன்று. “அத்தை, 350 ரூபா சொல்றாங்க. உங்க வீட்டு மாடியில இருக்கே, அது மாதிரி பண்ணணும். வாங்கட்டுமா? கம்பியும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடவா?”

இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அவன் கேட்ட அன்று காலையில்தான் என் மரத்தின் இடப்பக்கக் கிளையிலிருந்து, அதை வளைத்து நிறுத்தச் சுற்றியிருந்த கம்பியை வெட்டி எடுத்திருந்தேன். மறுபடியும் தழும்பு. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரம் 2021 ஜனவரியில் ஆரியங்காவு போகிற வழியில் ஒரு நர்சரியில் வாங்கியது. 280 ரூபாய். அடியில் கிழங்கு போல வேர் பருத்து, மேலே வேறு தழை ஒட்டுக்கட்டி வருமே, அந்த வகை இல்லை. சாதாரண ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா, நம்மூர் இச்சி மரத்து வகை. முழங்கால் உயரம், சுட்டுவிரல் கனத்துக்குத் தண்டு. மண் கலவை, தொட்டி, நீர் ஊற்றும் முறை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பழைய ஓட்டுச் சில்லை இடித்துச் சலித்து, ஆற்றுமணலும் மட்கிய எருவும் சேர்த்துப் போட்டேன். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட வேர் அழுகவில்லை. காய்ந்தாலும், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும், வெட்டினாலும் தாங்கும். மரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் கம்பியைப் பற்றித்தான்.

2022 மே மாதக் கடைசியில் முதன்முதலாகக் கம்பி சுற்றினேன். ஆன்லைனில் வாங்கிய பழுப்பு நிற அலுமினியக் கம்பி, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை ஐந்து சுருள். படித்தபடியே எல்லாம் செய்தேன். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பி, கிளையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம், நாற்பத்தைந்து பாகைச் சரிவில் சுற்று, ஒரே கம்பியில் இரண்டு கிளையைப் பிணைத்தால் ஒன்று மற்றொன்றுக்குப் பிடிமானம். முந்தின நாள் தண்ணீரைக் குறைத்தால் கிளை கொஞ்சம் துவண்டு வளைய இடம் கொடுக்கும். வளைக்கும்போது கம்பி, வளைவின் வெளிப்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் பட்டை பிளக்கும். கை முழுக்கப் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. (தேங்காய் எண்ணெய் தடவினால் கையிலிருந்து போய்விடும். சேலையில் பட்டால் கறை போகவே போகாது, பழைய துணி உடுத்திக்கொண்டு உட்காருங்கள்.) சாயங்காலம் எழுந்து நின்று பார்த்தபோது, அந்தக் குச்சிக் கன்று வயதான மரம் மாதிரி கிளைகளைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறுக்க மாட்டேன்.

சுருளோடு வந்த தாளில் மூன்று முதல் ஆறு மாதம் வைக்கலாம் என்று போட்டிருந்தது. ஜூன் முதல் வாரம் மகள் பிரசவத்துக்காகச் சென்னை போனேன். திரும்பி வர நாற்பது நாள்.

எங்கள் செங்கோட்டையில் ஜூன், ஜூலை என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும், கூடவே சாரல். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பூந்தூறல் விழும். மாடியில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்தக் காற்றில் ஃபைகஸ் வளர்கிற வேகம் தனி. நான் வந்து மாடிக்கு ஏறியபோது, சுற்றிய கம்பி வலப்பக்க முதல் கிளையில் பாதிக்குமேல் பட்டைக்குள் போயிருந்தது. இரண்டு பக்கமும் சதை எழும்பி அதை மூடத் தொடங்கியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அவருடைய நிப்பரை எடுத்து வந்து சுற்றுச் சுற்றாக வெட்டினோம். உள்ளே புதைந்த இடத்தில் நிப்பரின் மூக்கு நுழையவில்லை. நுழைத்தால் பட்டை கிழிந்து பால் வடிந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. எடுத்து முடித்ததும் கிளையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல ஏழு வரி. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “பாவம்டி, அதைப் போய் இப்படிக் கட்டி வச்சிருக்கியே” என்றார். போன்சாய் என்றாலே இப்படிச் சொல்பவர்கள் உண்டு. தொட்டியில் இருக்கும் மரத்துக்கு நேரத்துக்குத் தண்ணீர், உரம், புது மண், எல்லாம் தோட்டத்து மரத்துக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது என்று நான் பதில் சொல்வது வழக்கம். அன்றைக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை.

சரி, சீக்கிரம் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் அதைத்தான் செய்தேன். 2023 சாரலில் இடப்பக்கக் கிளைக்குச் சுற்றி, ஐந்தே வாரத்தில் எடுத்தேன். பட்டையில் ஒரு கீறல் இல்லை. பத்து நாளில் கிளை பழையபடி மேலே எழுந்துகொண்டது. ஃபைகஸ் கிளை ரப்பர் மாதிரி. உள்ளே புதுக் கட்டை வைத்துக் கெட்டிப்பட்டால்தான் வளைவு நிற்கும். அதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்துக்குள் கம்பி கடித்துவிடும். முன்னால் எடுத்தால் வளைவு போச்சு, பின்னால் எடுத்தால் பட்டை போச்சு. நடுவில் சரியான நாள் என்று ஒன்று இருக்கிறது, அதை நான் நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பிடித்திருக்கிறேன். அது 2024 ஜனவரியில் சுற்றியது. பனிக்காலத்தில் வளர்ச்சி மந்தம், மார்ச் கடைசி வரை வைக்க முடிந்தது. ஆனால் அதுவும் உச்சியில் இருக்கும் மெல்லிய கிளைகளுக்குத்தான்.

இந்த வருடம் ஜூலையில் மறுபடியும் அதே இடப்பக்கக் கிளை. பழைய சுற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றினேன், வாராவாரம் பார்த்தேன். மேல்பக்கம் மட்டும் பார்த்திருக்கிறேன். வளைவின் அடிப்பக்கத்தில் இலைக்குப் பின்னால் கடித்துவிட்டது. போன வாரம் வெட்டி எடுத்தது அதைத்தான்.

கம்பியை மட்டும் குறை சொல்வது நியாயமா என்று யோசித்துப் பார்த்தேன். கம்பி கட்டும் முறை ஜப்பானில் பைனுக்கும் ஜூனிப்பருக்கும் நன்றாகப் பொருந்தி வந்தது. அவை மெதுவாகப் பருக்கும் மரங்கள், மாதக்கணக்கில் கம்பி இருந்தாலும் தாங்கும். அந்தக் கணக்கை அப்படியே தாளில் அச்சடித்து, வெப்ப நாட்டு ஃபைகஸ் வளர்ப்பவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? “உங்கள் ஊரில் மழைக்காலமா, வாராவாரம் பாருங்கள்” என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் என் மரத்துக்கு ஏழு வரி விழுந்திருக்காது. சீனாவின் லிங்னான் பக்கம் கம்பியை நம்பாமல், வெட்டி வளர்த்து, மறுபடி வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து திசை திருப்புகிற முறை இருக்கிறது. அங்கேயும் ஈரமும் வெப்பமும்தான், அங்கேயும் இதே ஃபைகஸ்தான் வளர்கிறது. எனக்கு இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் பிடித்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

அந்த 2022 ஆகஸ்டில், கம்பியை வெட்டி எடுத்து மூன்று வாரம் இருக்கும். வலப்பக்கக் கிளையில் ஆக ஆழமாக இருந்த தழும்புக்குச் சற்று மேலே, கிளையின் அடிப்புறத்தில், கடுகு அளவு வெள்ளைப் புள்ளிகள் நான்கு. செதில்பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் எடுக்கப் போனேன். காலையில் வெயில் படும்போது உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியின் நுனியும் லேசான மஞ்சள், ஈரமாக மின்னியது. விழுது! நாலு நாளில் தையல் நூல் கனத்தில் அரை விரல் நீளம் தொங்கியது. தொட்டால் ஒடிந்துவிடும் என்று பயந்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஏன் அந்த இடத்தில் என்று யோசித்தபோதுதான் கொய்யாவுக்கு விண்பதியம் போடுவது நினைவுக்கு வந்தது. பட்டையை ஒரு வளையம் அளவுக்கு உரித்தால், இலையிலிருந்து பட்டை வழியாகக் கீழே இறங்கும் ஊட்டமும் வேர்விடத் தூண்டும் சத்தும் அந்த இடத்துக்கு மேலேயே தேங்கும். அங்கே ஈரத்தை வைத்துக் கட்டினால் வேர் வரும். கம்பி கடித்ததும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. ஈரத்தைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று, சாரல் கட்டிவிட்டது. இதே கன்று என் தங்கை வீட்டில், திருநெல்வேலி டவுனில் இருக்கிறது. அவளும் கம்பி சுற்றினாள், அவளுக்கும் தழும்பு விழுந்தது. விழுது ஒன்றுகூட வரவில்லை. அந்த ஊர் வெயிலில் நுனி வெளியே வந்த அன்றே கருகிவிடும்.

நான்கில் மூன்று விழுது செப்டம்பர் வெயிலில் காய்ந்துவிட்டன. மிச்சம் ஒன்று. இளநீர்க் கடையிலிருந்து ஒரு ஸ்ட்ரா வாங்கி வந்து நீளவாக்கில் கீறி, உள்ளே நனைத்த தேங்காய் நார்த்தூளை அடைத்து, விழுதை அதற்குள் விட்டு, அடி முனையை மண்ணில் செருகினேன். காலையும் மாலையும் ஸ்ட்ராவுக்குள் நாலு சொட்டு. தீபாவளிக்கு முன்னால் மண்ணைத் தொட்டுவிட்டது. மண்ணைத் தொட்ட பிறகு விழுதின் போக்கே மாறுகிறது. அதுவரை நூல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, ஒரு மாதத்தில் வீணைத் தந்தி மாதிரி விறைத்து, பழுப்பேறி, பருக்கத் தொடங்கியது. இன்றைக்குப் பென்சில் கனம். கிளையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. முழங்கால் உயரமே உள்ள மரத்தைக் கோயில் ஆலமரம் மாதிரி காட்டுவது அந்த ஒரு விழுதுதான். வீட்டுக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அதற்காகக் கம்பிக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விழுது கொடுத்தது மரமும் சாரலும். விழுதுக்குப் பின்னால் ஏழு வரியும் இன்னும் இருக்கின்றன. மூன்று வருடத்தில் நான்கு வரி மங்கிவிட்டது, மூன்று மங்கவில்லை. இந்த மரத்தின் பட்டை மழமழவென்று சாம்பல் நிறமாக இருக்கும். சொரசொரப்பான பட்டை என்றால் மறைந்திருக்கும், இதில் மறைய வழியில்லை.

இப்போது பெரிய கிளைகளுக்கு நான் செய்வது வேறு. வீட்டுக்காரர் கடையில் மிஞ்சும் 20 கேஜ் வைண்டிங் செம்புக்கம்பி, முக்கால் முழம். சைக்கிள் வால்வு டியூபில் ஒரு அங்குலம் நறுக்கி அதில் கம்பியைக் கோத்து, டியூப் மட்டும் கிளையில் படும்படி மாட்டி, மறுமுனையைத் தொட்டியின் விளிம்பில் கட்டிக் கிளையைக் கீழே இழுக்கிறேன். சுற்றுவதே இல்லை. ஒரே இடத்தில் மெத்தென்று படுவதால் ஏழெட்டு மாதம் இருந்தாலும் கடிக்கவில்லை, மாதம் ஒரு தடவை டியூபை அரை அங்குலம் தள்ளி வைத்தால் போதும். வைண்டிங் கம்பி ஏற்கெனவே பதப்படுத்திய மெல்லிய செம்பு, விரலாலேயே முறுக்கலாம். நெளிவு வராது, தாழ்வு மட்டும்தான் வரும். நெளிவு வேண்டுமென்றால் வெட்டி வளர்க்க வேண்டும். மேல்காற்று நாட்களில் தொட்டியையும் சேர்த்துக் கைப்பிடிச் சுவர்க் கம்பியோடு கட்டிவிடுங்கள், என் முதல் தொட்டி அப்படித்தான் உடைந்தது.

ஆக, தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். கம்பிச் சுருளை வாங்காதே. 350 ரூபாய் மரத்துக்கு அதைவிட விலையுள்ள கம்பியை வாங்கி, மரத்தில் அழியாத கோடு போட்டுக்கொள்ள வேண்டாம். இன்றைய மனநிலையில் கேட்டால் மரத்தையும் வாங்காதே என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு சாரலுக்கும் ஊர்ப் பயணத்தைத் தள்ளிப்போட வைக்கும் மரம் இது. இந்த ஜூலையில் பேத்தியின் பிறந்தநாளுக்கு நான் சென்னை போகவில்லை.

அப்புறம், நர்சரிக்கு எப்படியும் போவாய், எனக்குத் தெரியும். போனால் இலையைப் பார்க்காதே, இலை எப்போது வேண்டுமானாலும் வரும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை இரண்டு விரல் ஆழம் தோண்டிப் பார். வேர் நாலு பக்கமும் பிரிந்து ஓடினால் 350 அதிகம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஓடினால், அல்லது கவருக்குள் வட்டமாகச் சுருண்டிருந்தால் விட்டுவிடு. நீ அனுப்பிய படத்தில் தண்டு மண்ணுக்குள் போகிற இடம் தெரியவில்லை, அதை மட்டும் கிட்டேயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

போன வாரம் வெட்டிய இடப்பக்கக் கிளையில், தழும்புக்கு மேலே, இன்று காலை இரண்டு வெள்ளைப் புள்ளி பார்த்தேன். சாரல் இன்னும் இரண்டு வாரம் இருக்கும். ஸ்ட்ரா வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.