நிக்கான் டி750: பினாங்கில் பல வருடப் பழக்கமும், படமெடுத்துச் சம்பாதிப்பது பற்றிக் கொஞ்சமும்

நிக்கான் டி750 வெளியானது 2014 செப்டம்பரில். நான் அதைச் சில வருடங்கள் கழித்து, ஒருவர் பயன்படுத்தி விற்றதை வாங்கினேன். எனக்குப் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. லீவு நாட்களிலும், நைட் ஷிப்ட் முடிந்த காலைகளிலும் ஜார்ஜ் டவுன் தெருக்கள், கோயில் திருவிழாக்கள், தெரிந்தவர் வீட்டு விசேஷங்கள் என்று இந்தக் கேமராவை நன்றாகவே உழைக்க வைத்திருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில், இதைப் போல உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரை இன்னும் வாங்கலாமா? இதில் காசு பார்க்க முடியுமா? இரண்டுக்கும் முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் காசு என்று வரும்போது, அது நமக்கு முகம் தெரிந்த மனிதர்களிடமிருந்து வரும். இணையத்தில் யாரோ வாங்குவார்கள் என்று படங்களை ஏற்றிவிட்டுக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கேமரா. முழு ஃப்ரேம் சென்சார் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு), 24 மெகாபிக்சல், பேட்டரியோடு எடை 840 கிராம். கைப்பிடி ஆழமாக இருப்பதால் நாள் முழுக்கப் பிடித்தாலும் விரல் வலிப்பதில்லை. இரண்டு எஸ்டி கார்டு போடலாம். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் வேலைக்கு இந்த ஒரு வசதியே போதும், நான் இதைச் சிபாரிசு செய்ய. ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி வைத்துவிடுவேன். தாலி கட்டும் நேரம் ஒருமுறைதான் வரும். கார்டு கெட்டுவிட்டது என்று மணமகளின் அம்மாவிடம் போய்ச் சொல்ல முடியாது. லென்ஸ் விஷயத்தில் நான் சிக்கனம்: 50 எம்எம் எஃப் 1.8, 85 எம்எம் எஃப் 1.8, ஒரு 24-120 எஃப் 4. இந்த மூன்றுக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

டி750இல் எனக்கு மிகவும் பிடித்தது ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங், அதாவது வெளிச்சத்தை அளக்கும் முறைகளில் ஒன்று. காட்சியில் இருப்பவற்றில் மிக வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாதபடி கேமரா தானே அளவைக் குறைத்துக்கொள்ளும். பினாங்குத் தைப்பூசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசதி கிடையாது. வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்த்ரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் அர்ச்சனையும் தேங்காய் உடைப்புமாக நகர்ந்து, தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது இரவாகிவிடும். வெள்ளித் தகடு, அதைச் சுற்றி பல்பு வெளிச்சம், பின்னால் கரிய வானம். வழக்கமான மீட்டரிங்கில் எடுத்தால் வானம் சாம்பலாகவும் ரதம் வெறும் வெள்ளைத் திட்டாகவும் வரும். ஹைலைட் வெயிட்டடில் வைத்து, சென்சார் பதிவதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் தகட்டில் உள்ள வேலைப்பாடு தப்பிக்கும். இருட்டில் கிடக்கும் முகங்களை வீட்டில் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் அளவு) 100இல் எடுத்த படத்தில் மூன்று ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) நிழலைத் தூக்கினாலும் இந்தச் சென்சார் தாங்குகிறது. இரவில் ஐஎஸ்ஓ 3200 போனபிறகு அவ்வளவு தாராளம் இருக்காது, ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப்தான்.

தேங்காய் சிதறுவதை நிறுத்திப் பிடிக்க நொடியில் 1/1000 வேண்டும். காவடி ஆட்டத்துக்கு நான் 1/250இல் நிற்பேன். அதில் முகம் தெளிவாக இருக்கும், மயிலிறகு மட்டும் லேசாக அசையும். எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டால் ஆட்டமே படத்தில் இல்லாமல் போகிறது. இன்னொன்று, அருள் வந்து நிற்பவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அலகு குத்தும் இடத்தில் கூட இருக்கும் குடும்பத்தாரிடம் கண்ணாலாவது அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் விரதமிருந்து வந்திருக்கிறார்கள். நாம் அங்கே இரண்டாம் பட்சம்.

கல்யாண மண்டபங்களில் வேறு தொல்லை. மலிவான எல்இடி விளக்குகள் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப மின்னிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக விழும். பின்னால் வந்த கேமராக்களில் இதைச் சமாளிக்கும் ஃபிளிக்கர் ரிடக்ஷன் இருக்கிறது. டி750இல் சாதாரண படப்பிடிப்புக்கு அது கிடையாது. ஷட்டரை 1/100இல் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். வேகமான அசைவு வந்தால் கூரையில் பட்டுத் திரும்பும்படி ஃபிளாஷ் போடுவேன்.

வெளிச்சம் பற்றி ஒரு விஷயம். சூரியன் உதித்தபின்னும் மறையுமுன்னும் வரும் தங்க வெளிச்சத்தைக் கோல்டன் ஹவர் என்று யூடியூபில் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறுவதால் அந்தத் தங்க வெளிச்சம் அரைமணி நேரத்துக்குமேல் நிற்காது. வருடம் முழுக்க இங்கே விடிவது காலை ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில். அதனால் ஏழு மணிக்கே இடத்தில் நிற்க வேண்டும். ச்சூ ஜெட்டிப் பக்கம் கிழக்கே கடலைப் பார்த்திருப்பதால் முதல் வெளிச்சம் நேராக வந்து விழும். ஒன்பதரைக்குப் பிறகு தெருவில் எடுக்க ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாமல், கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதைக்குள் நுழைந்துவிடுங்கள். மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் வெயில் பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தெரு. மார்க்கெட் ஸ்த்ரீட்டில் பூக்கட்டும் பெண்களை உச்சி வெயில் நேரத்திலும் அந்த வெளிச்சத்தில் அழகாக எடுக்கலாம். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட் பாக்ஸ் தருகிற வெளிச்சம் அங்கே சும்மா கிடைக்கிறது.

நான் மிகவும் அக்கறையோடு பேச நினைப்பது நம் நிறம் பற்றி. எந்தக் கேமராவின் மீட்டரும் எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃப்ரேம் நிறையக் கறுத்த முகம் இருந்தால் அதை வெளுப்பாக்கும். அதே முகம் வெள்ளை வேட்டிக்கும் வெள்ளைச் சுவருக்கும் நடுவில் இருந்தால் மொத்தக் காட்சியையும் இருட்டாக்கி முகத்தைக் கரியாக்கும். இரண்டுமே பொய். நான் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வெளிச்சம் படும் கன்னத்தில் வைத்து, முக்கால் ஸ்டாப் போலக் குறைத்து, அந்த அளவை மேனுவலில் பூட்டிவிடுவேன். அப்புறம் யார் வேட்டி கட்டி வந்து நின்றாலும் முகம் மாறாது. கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. அதைக் காட்டப் பக்கவாட்டில் பெரிய வெளிச்சம் வேண்டும், ஒரு திறந்த கதவு போதும். ஒயிட் பேலன்ஸை வேட்டியைப் பார்த்து வைத்துவிட்டால் எல்இடியின் பச்சை ஏறி முகம் சாம்பல் பூத்துப் போவதும் நிற்கும்.

எடிட்டிங்கில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸ் (பிரகாச) பட்டையை மேலே இழுத்தால் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே நொடியில் சிவப்பாகிவிடுவார்கள். பல ஆல்பங்களில் நடப்பது இதுதான். ஒரு காதுகுத்து வீட்டில் ஆன்ட்டி ஒருவர், "தம்பி, பிள்ளைய கொஞ்சம் வெள்ளையா காட்டுப்பா" என்றார். "ஆன்ட்டி, முதல்ல நான் எடுத்தத பாருங்க, பிடிக்கலைன்னா மாத்திரலாம்" என்றேன். வாசல் வெளிச்சத்தில் எடுத்த குழந்தையின் படத்தைப் பார்த்தபிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்தப் படம்தான் அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டப்பட்டது. வெளுக்கக் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள் நிறத்தை யாரும் அவர்களுக்கு ஒழுங்காக எடுத்துக் காட்டியதில்லை, அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே கூடி நிற்கின்றன, ஓரத்தில் இருக்கும் முகத்துக்கு ஃபோகஸ் வைக்கப் புள்ளி கிடையாது. இன்றைய மிரர்லெஸ் போலக் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்காது. பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் மந்தம், வீடியோவை முக்கியமாக நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஷட்டர் 1/4000க்கு மேல் போகாது, வெயிலில் எஃப் 1.8இல் எடுக்க ஆசைப்பட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். வழிபாட்டின்போது ஷட்டர் சத்தமும் கேட்கும். மௌன ஷட்டர் வைத்திருக்கும் நண்பரைப் பார்த்து நான் பொறாமைப்படும் ஒரே இடம் கோயில் கருவறை வாசல்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு டிரை கேபினெட் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) கட்டாயம். உள்ளே 40லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் சற்று நேரம் விடுங்கள், கண்ணாடியில் ஆவி படியாது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். படங்களை ஏற்றி விற்கும் ஸ்டாக் தளங்களின் கணக்கு வெளிப்படையானது. அடோபி ஸ்டாக்கில் படம் விற்ற காசில் நம் பங்கு 33 விழுக்காடு. ஷட்டர்ஸ்டாக்கில் 2020இல் வந்த முறைப்படி 15 விழுக்காட்டில் தொடங்கி, விற்பனை கூடக் கூட 40 வரை போகலாம். ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மறுபடி முதல் படிக்கு வந்துவிடும். சந்தா வைத்திருப்பவர் பதிவிறக்கும் படத்துக்கு நம் கைக்கு வருவது அமெரிக்கச் சென்ட்டில் இருக்கலாம். அமெரிக்காவில் விற்ற பங்குக்கு 30 விழுக்காடு வரி பிடித்துக்கொள்வார்கள், அதைக் குறைக்கும் வருமான வரி ஒப்பந்தம் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கிடையாது. ஆர்மீனியன் ஸ்த்ரீட்டில் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியங்கள் மாதிரியானவற்றை வரைந்தவரின் அனுமதி இல்லாமல் இந்தத் தளங்களில் விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்கவும் முடியாது. தைப்பூச முகங்களுக்கு அவரவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் (சம்மதப் பத்திரம்) வேண்டும். பக்தியோடு நிற்பவரின் முகத்தை விளம்பரத்துக்கு விற்பதை நான் அனுமதி இருந்தாலும் செய்யமாட்டேன்.

எனக்கு வேலை வந்த வழி வேறு. காவடி எடுத்தவர்களின் படங்களை வாட்சாப்பில் இலவசமாக அனுப்பி வந்தேன். ஒருவர் தம்பி மகளின் சடங்குக்குக் கூப்பிட்டார், அங்கே பார்த்தவர் காதுகுத்துக்கு, அவருடைய மச்சான் வீடு குடிபோவதற்கு. பெரிய கல்யாணங்களை நான் எடுப்பதில்லை. அதை முழுநேரத் தொழிலாக வைத்துக் குடும்பம் நடத்தும் அண்ணன்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டாவது கேமராவாகப் போவேன். அங்கே கற்றதுதான் அதிகம்.

விலை சொல்லும்போது எடுக்கும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நாலு மணி நேர விசேஷத்துக்கு வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவும் திருத்தவும் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். 600 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினால் 12 மணி நேரத்துக்கு மணிக்கு 50 வெள்ளி. அதில் பெட்ரோல், டோல், கேமரா தேய்மானம் கழியும். இந்தக் கணக்கைப் போடாமல் 200 வெள்ளிக்கு ஒத்துக்கொள்கிற தம்பிகள் தங்கள் காசைப் போட்டு வேலை செய்கிறார்கள், முழுநேரக்காரர்களின் பிழைப்பையும் கெடுக்கிறார்கள். சொந்தக்காரருக்குச் செய்வதென்றால் முழுசாக அன்பளிப்பாகவே செய்துவிடுங்கள். அரைவிலைதான் மனக்கசப்புக்கு வழி.

தொடர்ந்து காசு வாங்குவதாக இருந்தால் வணிகங்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் பதிந்துவிடுங்கள். சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. வருமானத்தைக் காட்ட எல்எச்டிஎன்னில் (வருமான வரி வாரியம்), சம்பளக்காரருக்கான பிஇ படிவத்துக்குப் பதிலாகத் தொழில் வருமானம் உள்ளவருக்கான பி படிவம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு நாம் எடுத்துக் கொடுக்கும் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்விடும். உங்கள் ஆல்பத்தில், உங்கள் பக்கத்தில் அந்தப் படங்களைக் காட்ட வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, நேரம், எத்தனை படம், முன்பணம், உரிமை. தமிழில்தான். இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

எனக்கு அதிகத் திருப்தி தரும் வருமானம் பிரிண்ட். டி750 படம் 6016க்கு 4016 பிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20க்கு 13 அங்குலம் தாராளமாக வரும். மேட் காகிதத்தில் அடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். தொலைபேசியில் நூறு படம் அனுப்பினால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். சுவரில் மாட்டிய ஒரு படத்தைப் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள் யார் எடுத்தது என்று கேட்பார்கள்.

இப்போது டி750 வாங்க நினைப்பவர்கள் பழையதைத்தான் வாங்க முடியும். ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது) பாருங்கள், 1,50,000 வரை தாங்கும்படி சோதிக்கப்பட்டது. சீரியல் எண்ணை வாங்கி நிக்கான் தளத்தில் போட்டுப் பாருங்கள். சில தொகுதிகளுக்கு ஷட்டர் தொடர்பாக அவர்களே அறிவிப்பு வெளியிட்டிருந்தார்கள், உங்களுடையது சரிசெய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். மிச்சப்படும் காசில் முதலில் 85 எம்எம், அடுத்து டிரை கேபினெட். என்னுடையதன் ஷட்டர் போனால் மாற்றிப் போடுவதாகத்தான் இருக்கிறேன். கைக்குப் பழகிய பட்டன்களும் இரண்டு கார்டும் இருக்கும்வரை, விசேஷ வீட்டில் எனக்கு வேறு கேமரா தேவைப்படாது.