'நைஸா, ரவையா?': பழங்காநத்தத்து மாவு மில்

இடியாப்பத்துக்கு அரிசி திரிக்க மூணு வருஷமா எங்க தெருமுனை மில்லுக்குத்தான் போறேன். பச்சரிசியை ஊறவச்சு வடிகட்டி, வேட்டித்துணியில நிழலாற்றி, ஈரம் போறதுக்குள்ள தூக்குவாளியோட போய் நின்னா, மில்லுக்காரத் தம்பி கேக்குற மொதக் கேள்வி: "டீச்சர், நைஸா, ரவையா?"

நான் 31 வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவ. பிள்ளைங்க கட்டுரையில 'நைஸ்' வந்தா சிவப்பு மையில வட்டம் போட்டு, வேற சொல் தேடுன்னு எழுதுவேன். அவ்வளவு தேஞ்சுபோன சொல். ஆனா அதோட பூர்வீகம் பெருசு. லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'னா ஒண்ணும் அறியாதவன். பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்கு வந்தப்போ அசடுன்னு அர்த்தம். அப்புறம் எதையும் நுணுகிப் பாக்குறவன், நுண்ணியதுன்னு போயி, 'இனிமையான'ங்கிற அர்த்தம் 18ஆம் நூற்றாண்டுலதான் ஊனிச்சு. நூலிழை வித்தியாசத்தை இன்னைக்கும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்'னு எழுதுறாங்க. அதைப் பத்தாம் வகுப்புக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தத் தம்பி அதை விரல்ல வச்சிருக்கார். அரிசியைக் கொட்டினதும் கல்லை நெருக்குற திருகை ஒரு இழை திருப்புவார். துணிக்குழாய் வழியா விழுற மாவைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தேய்ப்பார். லேசா நறநறன்னா போதும், இன்னொரு இழை திருப்பு. அப்புறம் என் விரல்லயும் ஒரு சிட்டிகை வச்சு, "நைஸ் பத்துமா, டீச்சர்?" நம்ம 'நைய அரை'ங்கிற பேச்சும் இந்த 'நைஸும்' அந்த நேரத்துல எனக்கு அக்கா தங்கச்சி மாதிரிதான் கேக்கும்.

வீட்டுல சலிச்சா 3 கிலோவுக்கு ஒரு கைப்பிடி கப்பி தேறினாலே அதிகம். உரல்ல பிழியும்போது ஒரு கண்ணுகூட அடைக்கிறதில்ல.

மிளகா வத்தலுக்குத் தனி மிஷின் வச்சிருக்காங்க, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. முன்னாடி வேறொரு மில்லுல வத்தல் அரைச்ச கையோட என் அரிசியைப் போட்டுட்டாங்க. மாவு முழுக்க நெடி. ஒரு வாய் வச்ச பேத்தி கண்ணு கலங்கி அழுதுட்டா.

ஈரமாவுக்குக் கிலோ 20 ரூபா வாங்குறாங்க, தாராளமாக் குடுக்கலாம். சனிக்கிழமை மட்டும் போகாதீங்க, வாளி வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். அதுக்குள்ள அரிசி காஞ்சுபோனா அந்தத் தம்பியாலயும் நைஸா திரிக்க முடியாது.