சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பி, கொழுப்பைப் பிடிக்கும் ஏற்பி

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படிக்கும் ஒரு பெண் போன வாரம் கேட்டாள்: "டிஎல்ஆர்4, டிசி-சைன் ரெண்டுமே பாக்டீரியாவோட சர்க்கரையைத்தானே பார்க்குது?"

இல்லை. இரண்டும் நம் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் நின்று கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள், அதாவது பற்றிக்கொள்ளும் புரதங்கள்தான்; ஆனால் பற்றும் பொருள் வேறு. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு இருக்கிறது. அதன் வெளிப்புறச் சர்க்கரைச் சங்கிலி வகைக்கு வகை மாறும். டிஎல்ஆர்4 அதை நம்புவதில்லை. எம்டி-2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து அடியிலுள்ள லிப்பிட் ஏ என்ற கொழுப்புப் பகுதியைப் பிடித்து, உடனே அபாய மணி அடிக்கிறது. லிப்போபாலிசாக்கரைடை உணரும் ஏற்பி டிஎல்ஆர்4தான் என்று 1998இல் காட்டிய புரூஸ் பாய்ட்லருக்கு 2011 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

டிசி-சைன்தான் உண்மையில் சர்க்கரை பார்க்கும் ஏற்பி. கிருமியைப் பிடித்து மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லின் மேல் நின்று, ஒரு கால்சியம் அயனியின் உதவியோடு மேனோஸ் என்ற சர்க்கரையின் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்களைப் பற்றுகிறது. ஒற்றைப் பிடி பலவீனம்தான். வரப்பில் நடந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டுமே, அதுமாதிரி. ஒரு விதையை உதறிவிடலாம், நாற்பதை முடியாது. இந்த ஏற்பியும் நான்கு நான்காகச் சேர்ந்தே நிற்கிறது.

எச்சரிக்கைக்கு டிஎல்ஆர்4, நுணுக்கத்துக்கு டிசி-சைன் என்பேன். ஆனால் அந்த நுணுக்கத்தைக் காசநோய்க் கிருமி பயன்படுத்திக்கொள்கிறது: தன் மேலுறைச் சங்கிலிகளின் நுனியிலுள்ள மேனோஸ் தொப்பியை நீட்டி டிசி-சைனில் ஒட்டி, செல்லின் எச்சரிக்கையையே தணிக்கப் பார்க்கிறது.