டூர்னிக்கெட் பட்டை: அசலும் போலியும், ஒரு மதிப்பீடு

ஓசூர் அருகே இரும்புத் தகடுகளை வெட்டி வளைக்கும் பட்டறை ஒன்றில் பாதுகாப்புப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. எங்களிடமும் பெட்டி இருந்தது, அதில் பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் இருந்தன. ஆனால் தகட்டின் விளிம்பு தொடையைக் கிழித்துத் தமனி அறுந்துவிட்டால் அந்தப் பெட்டியால் பயனில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடுவது ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம்தான். தொடைத் தமனி வழியே அது சில நிமிடங்களில் உயிர் போகும் அளவுக்கு வெளியேறிவிடும். 108 வண்டி வந்து சேரும்வரை பக்கத்தில் நிற்பவர்தான் அதைத் தடுத்தாக வேண்டும்.

அதற்காக, கையையோ காலையோ சுற்றி இறுக்கிக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டைகள் இரண்டை வாங்கினோம். ஒன்று, அமெரிக்கத் தரைப்படை 2005 ஆம் ஆண்டு முதல் தன் வீரர்களுக்கு வழங்கிவரும் சிஏடி (Combat Application Tourniquet) வகை. அந்நாட்டில் அதன் விலை ஏறத்தாழ 30 டாலர். மற்றொன்று, இணையத்தில் 450 ரூபாய்க்குக் கிடைத்த, தயாரித்தவர் பெயரே இல்லாத, தோற்றத்தில் அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் பட்டை.

இரண்டையும் என் தொடையிலேயே கட்டிப் பார்த்தேன். முதலுதவிப் பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் என் பாதத்தின் மேற்புறத்தில் விரல் வைத்து நாடியைக் கவனித்துக்கொண்டிருந்தார். சிஏடி பட்டையை முதலில் கையால் நன்றாக இழுத்து வெல்க்ரோவில் ஒட்டிவிட்டு, பட்டையை முறுக்கி இறுக்கும் திருகுக்கோலைச் சுற்றினேன்; மூன்றாவது சுற்று முடிவதற்குள் நாடி நின்றுவிட்டது என்றார். வலி கடுமையாக இருந்தது, ஆனால் அந்த வலி பட்டை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளமே. போலிப் பட்டையிலோ இரண்டாவது சுற்றிலேயே கோல் வில்லாக வளைந்தது, மேலும் திருகியபோது அதன் கொக்கி திறந்துகொண்டது, நாடி கடைசிவரை துடித்துக்கொண்டே இருந்தது.

இதை வெறும் தரக்குறைவு என்று நான் கருதவில்லை. அரைகுறையாக இறுகும் பட்டை, ஆழத்தில் ஓடும் தமனியை மூடாமல், மேலாக உள்ள சிரைகளை மட்டும் அடைத்துவிடுகிறது. இரத்தம் காலுக்குள் போய்க்கொண்டே இருக்கும், திரும்ப வழியில்லாமல் காயத்தின் வழியே முன்னைவிட அதிகமாகக் கொட்டும். கயிற்றையோ மின்கம்பியையோ கட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு, அத்துடன் மெல்லிய கம்பி நரம்பையும் நசுக்கிவிடும்.

‘இதைக் கட்டினால் காலையே எடுக்க வேண்டி வருமே’ என்று எங்கள் மேஸ்திரி கேட்டார். நம் ஊரில் பலரும் நம்புவது இதைத்தான். ஈராக் போரின்போது பாக்தாத் மருத்துவமனையில் டூர்னிக்கெட் கட்டப்பட்ட 232 பேரை ஆராய்ந்த அமெரிக்க இராணுவ மருத்துவர்கள், பட்டை கட்டியதால் மட்டும் யாரும் கை கால்களை இழக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். அதிர்ச்சி நிலைக்கு, அதாவது இரத்த இழப்பால் உடலுறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலைக்கு, போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள், அந்நிலைக்குப் போன பின் கட்டப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 விழுக்காட்டினர்தான். பொதுவாக இரண்டு மணி நேரம்வரை பட்டை பாதுகாப்பானது. இடையிடையே தளர்த்திவிடுவது பழைய பழக்கம்; அது தவறு.

யாருக்குக் கட்டுவது என்பதில்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. இரத்தம் பீறிட்டு அடித்தாலோ, அழுத்திப் பிடித்தும் நிற்காமல் தரையில் தேங்கினாலோ, உறுப்பே துண்டாகிப் போயிருந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடல் சில்லிட்டு வியர்த்து, பேச்சு குழறத் தொடங்கிவிட்டால் இழப்பு ஏற்கெனவே அதிகம் என்று பொருள். காயத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல் கட்ட வேண்டும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் இந்தப் பட்டை பயன்படாது. அங்கே துணியைக் காயத்துக்குள் திணித்து இரு கைகளாலும் அழுத்துவதே வழி.

போலிப் பட்டையை யாரும் தவறி எடுத்துவிடக் கூடாது என்று வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது ஆறு சிஏடி பட்டைகளை, நெகிழி உறையைப் பிரித்து, வளையத்தை அகலமாக விட்டு, வெட்டும் இயந்திரங்களுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பயிற்சிக்கென்று நீல நிறப் பட்டை ஒன்று தனியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கட்டிய நேரத்தை எழுதுவதற்கு ஒரு வெள்ளைப் பட்டி உண்டு என்பதால், கூடவே ஒரு மார்க்கர் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.